ப்ரானி ஜேம்ஸுக்கு லேக்கர்ஸ் கொடுத்த கான்ட்ராக்ட் தகுதிக்கா, அப்பா பேருக்கா?

"மேட்சுக்கு ரெண்டு பாயிண்ட் போடுற பையனுக்கு நாலு வருஷம், 79 லட்சம் டாலர், இது லெப்ரான் மகன்ங்கிறதால மட்டும்தானே, தகுதின்னு ஒண்ணு இருக்கா"ன்னு கேட்டிருக்கீங்க. லெப்ரான் ஜேம்ஸ் அமெரிக்காவோட என்பிஏ பாஸ்கெட்பால் லீக்ல சூப்பர் ஸ்டார், லேக்கர்ஸ் அவர் அப்போ ஆடின டீம். நீங்க நிஜமா கேக்கறது ப்ரானி நல்ல பிளேயரான்னு இல்ல, வரிசைல நிக்காம உள்ள வந்துட்டானான்னு. இது ரெண்டும் வேற வேற விஷயம், ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்புறதாலதான் இந்தப் பேச்சு வந்தாலே ஒரு பக்கம் "வாரிசு"ன்னும் இன்னொரு பக்கம் "பொறாமை"ன்னும் சண்டையா முடியுது. நான் பல வருஷமா ஸ்கூல், காலேஜ் பசங்களுக்கு பாஸ்கெட்பால் கோச்சிங் கொடுக்கிறவன், செலக்‌ஷன் ட்ரையல்ல உட்கார்ந்து யார உள்ள எடுக்கறது யார வெளில அனுப்பறதுன்னு முடிவு பண்ணியிருக்கேன், சிபாரிசோட வர்ற பசங்களையும் நிறைய பாத்திருக்கேன். என்பிஏ டீம் எதுலயும் வேலை பார்த்தது கிடையாது, அதனால நான் சொல்றதெல்லாம் மேட்ச் வீடியோவையும் எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கையும் வெச்சுதான், அந்த அளவுக்கு எடுத்துக்கோங்க.

முதல்ல வரிசை விஷயத்த முடிச்சிடலாம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. 2024 ஜூன் 26, 27 ரெண்டு நாள் நடந்த டிராஃப்ட்ல (என்பிஏ டீம்கள் புதுப் பசங்கள வரிசையா தேர்ந்தெடுக்கிற நிகழ்ச்சி) மொத்தம் 58 பேர எடுத்தாங்க, ப்ரானி 55வது. சதர்ன் கலிஃபோர்னியா யூனிவர்சிட்டில அவன் ஆடினது ஒரே ஒரு சீசன், 25 மேட்ச், அதுல ஆரம்பத்துலயே களத்துல இறக்குனது 6 மேட்ச், சராசரி 4.8 பாயிண்ட், ஷாட் உள்ள போனது 36.6 சதவீதம், த்ரீ பாயிண்டர் 26.7 சதவீதம். இந்த நம்பரோட வேற பேருள்ள ஒரு பையன் வந்திருந்தா அவன அந்த வருஷம் யாரும் டிராஃப்ட் பண்ணியிருக்க மாட்டாங்க, இன்னும் ஒரு வருஷம் காலேஜ்ல ஆடிட்டு வான்னு அனுப்பியிருப்பாங்க. இது என் அபிப்பிராயம் மட்டும் இல்ல, 2024 பிப்ரவரில ஈஎஸ்பிஎன் அவன 2024 டிராஃப்ட் கணிப்புல இருந்து எடுத்து 2025 லிஸ்ட்டுக்கு மாத்துச்சு, லெப்ரானுக்கே கோவம் வந்து பையன பையனா இருக்க விடுங்கன்னு எக்ஸ்ல எழுதினார். ஏப்ரல்ல ப்ரானி டிராஃப்ட்டுக்கும் பேர் கொடுத்தான், அதே சமயம் வேற காலேஜுக்கு மாறுறதுக்கான லிஸ்ட்லயும் பேர் போட்டு வெச்சான், அதாவது அவங்க வீட்லயே ரெண்டு கதவும் திறந்துதான் இருந்துச்சு.

கான்ட்ராக்ட் விஷயத்துல இன்னும் தெளிவு. ரெண்டாவது ரவுண்டு கடைசில போற பசங்களுக்கு சாதாரணமா கிடைக்கிறது டூ-வே கான்ட்ராக்ட், அதாவது பாதி நேரம் ஜி லீக்ல (என்பிஏவோட கீழ்மட்ட லீக்), பாதி நேரம் மெயின் டீம்ல, மெயின் டீமோட அதிகபட்சம் 50 மேட்ச், பிளேஆஃப்ல ஆட முடியாது, சம்பளம் புதுமுகக் குறைஞ்சபட்சத்துல பாதி, அந்த சீசன்ல சுமார் 5 லட்சத்து 78 ஆயிரம் டாலர். ப்ரானிக்கு முந்தின இடத்துல பாஸ்டன் எடுத்த ஆன்டன் வாட்சனுக்கு கிடைச்சது டூ-வே. அடுத்த இடத்துல போன கெவின் மெக்கல்லருக்கு நியூயார்க்ல டூ-வே. 57வதா போன உல்ரிக் சோம்ஷேக்கு டொரான்டோல டூ-வே. நடுவுல 55க்கு மட்டும் 15 பேர் கொண்ட மெயின் லிஸ்ட்ல இடம், நாலு வருஷ கான்ட்ராக்ட். ஏஜென்ட் ரிச் பால் (லெப்ரானுக்கும் அவர்தான் ஏஜென்ட்) டிராஃப்ட்டுக்கு முன்னாடியே டூ-வேக்கு ஒத்துக்க மாட்டோம்னு வெளிப்படையா சொல்லிட்டார். டிராஃப்ட் அன்னிக்கு டிவில விமர்சகரா இருந்த பாப் மையர்ஸ், வேற டீம் எடுத்தா பையன் ஆஸ்திரேலியாவுக்கு ஆடப் போயிடுவான்னு ரிச் பால் டீம்களுக்கு போன் பண்ணிச் சொல்றதா சொன்னார். 55வதா போற எந்தப் பையனுக்கு இந்த மாதிரி பேரம் பேசுற சக்தி இருக்கும்? லெப்ரான் 2022லயே என் கடைசி வருஷத்த என் மகனோடதான் ஆடுவேன்னு சொல்லியிருந்தார், டிராஃப்ட் முடிஞ்ச ரெண்டாவது நாள் தன்னோட பழைய கான்ட்ராக்ட்ல பாக்கியிருந்த ஒரு வருஷத்த வேண்டாம்னுட்டு ஃப்ரீ ஏஜென்ட் (எந்த டீமோட வேணும்னாலும் கையெழுத்துப் போடலாம்ங்கிற நிலை) ஆனார், அப்புறம் ஜூலைல லேக்கர்ஸோடயே மறுபடி கையெழுத்துப் போட்டார். பையன எடுத்தாதான் அப்பா இருப்பார்னு யாராவது வாய்விட்டுப் பேசினாங்களான்னு அந்த ரூமுக்கு வெளில இருக்கிற யாரும் அடிச்சு சொல்ல முடியாது, ரிச் பால் ரெண்டுக்கும் சம்பந்தமில்லன்னுதான் சொன்னார். ஆனா லேக்கர்ஸ் இடத்துல நான் இருந்திருந்தாலும் 55வது பிக்க வெச்சு அந்தக் குடும்பத்த சந்தோஷப்படுத்தியிருப்பேன், ஏன்னா அந்த இடத்துல எடுக்கிற பசங்கள்ல பெரும்பாலானவங்க ரெண்டு மூணு வருஷத்துல லீக்லயே இருக்கிறதில்ல.

இங்கதான் பணத்தைப் பத்தி சொல்லணும், ஏன்னா 79 லட்சம் டாலர்னு கேட்டா நமக்கு தலை சுத்தும், என்பிஏ கணக்குல அது அடிமட்டம். முதல் வருஷம் அவனுக்கு சுமார் 11 லட்சத்து 57 ஆயிரம் டாலர், இது அந்த சீசன்ல ஒரு புதுமுகத்துக்கு ஸ்டாண்டர்ட் கான்ட்ராக்ட்ல கொடுக்கணும்னு இருக்கிற குறைஞ்சபட்சத் தொகை, அதுக்குக் கீழ கொடுக்கவே முடியாது. அந்த வருஷம் சாலரி கேப் (ஒரு டீமோட மொத்த சம்பளத்துக்கு லீக் வெக்கிற வரம்பு) 14 கோடியே 6 லட்சம் டாலர் பக்கம், அதுல இவன் பங்கு ஒரு சதவீதம் கூட கிடையாது. அப்பா அதே வருஷம் வாங்கினது 4 கோடியே 87 லட்சம் டாலர். அடுத்தடுத்த வருஷமும் அனுபவத்துக்கு ஏத்த குறைஞ்சபட்சம்தான் ஏறிக்கிட்டே போகும், கடைசி வருஷமான 2027-28 டீமோட விருப்பம், வேண்டாம்னா விட்டுடலாம். லீக்குக்கும் பிளேயர் சங்கத்துக்கும் நடுவுல 2023ல வந்த புது ஒப்பந்தத்துல ரெண்டாவது ரவுண்டு பசங்களுக்குன்னே தனியா ஒரு வழி வெச்சிருக்காங்க, கேப்ல இடமே இல்லாத டீம் கூட நாலு வருஷம் வரைக்கும் கையெழுத்து வாங்கலாம், அந்த வழிலதான் இதுவும் போட்டது. வெளில அதிகம் பேசாத இன்னொரு விஷயமும் இருக்கு, லக்ஸரி டாக்ஸ் (மொத்த சம்பளம் ஒரு அளவுக்கு மேல போனா கட்டுற வரி) கட்டுற டீமுக்கு டிராஃப்ட் பண்ணின பையன் சம்பளம் அவன் வாங்குற தொகையாவே கணக்குல ஏறும், டிராஃப்ட் ஆகாத புதுமுகத்த மினிமம்ல எடுத்தா வரிக்கணக்குல ரெண்டு வருஷ அனுபவக்காரன் மினிமம், அதாவது 20 லட்சம் டாலருக்கு மேல ஏறும். லேக்கர்ஸ் அப்போ வரி கட்டுற டீம். அதனால 55வது பிக்குக்கு மினிமம் கான்ட்ராக்ட் கொடுத்தது வியாபாரமா பாத்தா பைத்தியக்காரத்தனம் இல்ல. அப்பா பேரால அவனுக்குக் கிடைச்சது பெரிய தொகை இல்ல, நிச்சயம்தான். ரெண்டு மூணு வருஷம் வேலை போகுமோன்னு பயப்படாம கத்துக்கிறதுக்கு நேரம். ஒரு இளம் பிளேயருக்கு அதைவிடப் பெரிய சொத்து எதுவும் இல்ல, அதனால இத சின்ன சலுகைன்னு நான் சொல்லவே மாட்டேன்.

சரி, ஆட்டம். காலேஜ் நம்பர வெச்சு மட்டும் அவன மதிப்பிடறது நியாயம் இல்லன்னு நான் உறுதியா சொல்வேன், காரணம் 2023 ஜூலை 24. அன்னிக்கு காலேஜ் பிராக்டீஸ்ல அவனுக்கு இதயம் நின்னுபோச்சு. பிறவிலயே இருந்த இதயக் கோளாறுன்னு பரிசோதனைல தெரிஞ்சு ஆபரேஷன் பண்ணினாங்க. டிசம்பர் 10ல லாங் பீச் ஸ்டேட்டுக்கு எதிரா திரும்ப களத்துக்கு வந்தான். 18 வயசுப் பையன் காலேஜ் பாஸ்கெட்பாலுக்குத் தயாராகற அந்த கோடை முழுக்க, ப்ரீ-சீசன் முழுக்க, அவன் ஆஸ்பத்திரியும் ஓய்வுமா இருந்தான். என்கிட்ட முட்டிக்காயத்துல மூணு மாசம் உட்கார்ந்த பசங்க திரும்பி வந்தா ஷாட் எடுக்கும்போது காலே எழும்பாது, நாலாவது க்வார்ட்டர்ல த்ரீ எல்லாம் ரிம்முக்கு முன்னாடியே விழும், அது சரியாக ஒரு சீசனே ஆயிடும். இவன் திரும்பி வந்தது இதயம் நின்னதுக்கு அப்புறம். அந்த டீம்லயும் பந்த வெச்சு ஆடுறதுக்கு இசையா காலியரும் பூகி எல்லிஸும் இருந்தாங்க (காலியர் அதே டிராஃப்ட்ல முதல் ரவுண்டுல 29வதா போனான்), இவனுக்கு மூலைல நின்னு காத்திருக்கிற வேலைதான். அதனால அந்த 4.8, அவன் மோசமான பிளேயர்னு காட்டுற ஆதாரம் கிடையாது. நல்ல பிளேயர்னு காட்டுற ஆதாரமும் கிடையாது, அதையும் சேர்த்து சொல்லணும்.

வீடியோல நான் பாக்கிறத சொல்றேன். பந்து வெச்சிருக்கிறவன் முன்னாடி நிக்கிற டிஃபென்ஸ் அவனுக்கு நிஜமாவே இருக்கு. இடுப்ப கீழ இறக்கி நிக்கிறான், கால குறுக்க போடாம சறுக்கி நகர்றான், கையை நீட்டி ஃபவுல் வாங்காம நெஞ்ச முன்னால வெச்சு தடுக்கிறான். இதெல்லாம் சின்ன வயசுல இருந்து சரியாச் சொல்லிக் கொடுத்தாதான் வரும், 20 வயசுக்கு மேல நிறைய பேருக்கு இத புதுசா ஏத்தவே முடியாது. டிராஃப்ட் கம்பைன்ல (டிராஃப்ட்டுக்கு முன்னாடி பசங்கள அளந்து சோதிக்கிற முகாம்) அளந்தப்போ ஷூ இல்லாம 6 அடி 1½ இன்ச் (காலேஜ் போட்டிருந்தது 6 அடி 4), ஆனா ரெண்டு கையையும் விரிச்சா 6 அடி 7 இன்ச்சுக்கு மேல, ஓடிவந்து குதிச்சது 40½ இன்ச். உயரத்துல குறை, கையிலயும் காலிலயும் அதை ஓரளவு ஈடு கட்டிடறான். பாஸ் கொடுக்கிறதுலயும் அவசரம் இல்ல, ஒரு டிஃபெண்டர் தன் பக்கம் நகர்ந்தா அடுத்த பாஸ் எங்க போகணும்னு அவனுக்குத் தெரியுது, வீட்லயே அந்தக் கல்வி கிடைச்ச பையன்கிறது அதுல தெரியும்.

குறை எங்கன்னா, அவன் ஆடத் தெரிஞ்ச வேலைக்கும் அவன் உடம்புக்கும் பொருந்தல. டிஃபென்ஸ் பண்ணிட்டு மூலைல நின்னு த்ரீ போடுற வேலை 6 அடி 6, 6 அடி 7 இருக்கிற பசங்களுக்கானது, அவங்க எதிர் டீமோட மூணு நாலு விதமான ஆளுங்கள மாத்தி மாத்தி தடுக்க முடியும். 6 அடி 1 இருக்கிறவன்கிட்ட கோச் எதிர்பார்க்கிறது பந்த மேல கொண்டு வந்து ஆட்டத்த நடத்துறது, பிக் அண்ட் ரோல்ல (கூட ஆடுறவன் டிஃபெண்டர மறிச்சு வழி விடுற ஆட்டம்) எதிர் டீமோட பெரிய ஆள் முன்னால வந்து நின்னாலும் வழி கண்டுபிடிக்கிறது. அழுத்தம் கொடுத்தா ப்ரானியோட ட்ரிப்ளிங் (பந்தத் தட்டிக்கிட்டே நகர்றது) கழண்டுடுது, உள்ள போனா பெரிய ஆளுங்க கைக்கு மேல முடிக்க முடியாம திணர்றான். அப்போ அவனுக்கு ரெண்டே வழிதான் இருக்கு, ஒண்ணு த்ரீ பாயிண்டர் பயமுறுத்துற அளவுக்கு வரணும், இல்ல டிஃபென்ஸ் லீக்லயே முதல் வரிசைக்கு வரணும். முதல் சீசன்ல ரெண்டும் வரல. என்பிஏல 27 மேட்ச், சராசரி 6.7 நிமிஷம், 2.3 பாயிண்ட், ஷாட் 31.3 சதவீதம், த்ரீ 28.1 சதவீதம். இது மோசமான நம்பர், இதுக்கு நான் வக்காலத்து வாங்கல. ஆனா நிமிஷத்தக் கூட்டிப் பாருங்க, மொத்தமே மூணு மணி நேரம்தான் ஆடியிருக்கான், அதுலயும் பெரும்பகுதி ஜெயிக்கிறது தோக்கிறது முடிவான பிறகு. மூணு மணி நேரத்த வெச்சு எந்தப் பையனையும் நான் டீம்ல இருந்து எடுக்கவும் மாட்டேன், சேர்க்கவும் மாட்டேன்.

அதனால பாக்க வேண்டிய இடம் ஜி லீக், அங்க லேக்கர்ஸோட டீம் சவுத் பே லேக்கர்ஸ். இங்க அவன் பெரியவங்களோட மோதி நிறைய நேரம் ஆடினான், பந்து அவன் கைல இருந்துச்சு, 2025 மார்ச்ல சான்டா க்ரூஸுக்கு எதிரா 39 பாயிண்ட் போட்டான், சீசன் சராசரி 20க்கு மேல போச்சு, த்ரீயும் காலேஜ்ல போட்டதைவிட தெளிவா நல்லா விழுந்துச்சு. சீசன் ஆரம்பத்துல பார்த்த பையனுக்கும் மார்ச்ல பார்த்த பையனுக்கும் நடுவுல முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியுது. அதே மார்ச் 20ல மில்வாக்கிக்கு எதிரா லெப்ரான், டான்சிச், ரீவ்ஸ்னு முக்கியமான ஆளுங்க யாரும் ஆடாதப்போ 30 நிமிஷம் கொடுத்தாங்க, 10 ஷாட்ல 7 உள்ள போட்டு 17 பாயிண்ட் எடுத்தான், டீம் பெரிய வித்தியாசத்துல தோத்துச்சு, அது வேற. ஆனா ஜி லீக்ல 20 போடுறது என்பிஏல நிக்கிறதுக்கு உத்தரவாதம் இல்லங்கிறதையும் சொல்லிடறேன். அங்க ஆட்டம் வேகம், டிஃபென்ஸ் தளர்வு, அங்க 25 போட்டுட்டு மேல ஒரு வாரம் கூட தாக்குப்பிடிக்காத கார்டுகள் (பந்த மேல கொண்டு வர்ற உயரம் கம்மியான பிளேயர்கள்) வருஷா வருஷம் வர்றாங்க. மேல போனா பந்து கைக்கு வராது, அஞ்சு நிமிஷத்துல கிடைக்கிற ரெண்டு ஷாட்ல ஒண்ண உள்ள போடணும், அது முழுக்க வேற திறமை. ஆகமொத்தத்துல என் கணிப்பு, அவன் ஆட்டம் டூ-வே கான்ட்ராக்ட்ல இருக்கிற ஒரு நல்ல பிளேயரோட ஆட்டம். 55வது பிக்குக்கு இது குறைவான விளைச்சல் கிடையாது, அந்த இடத்துல போற சராசரி பையனைவிட கொஞ்சம் மேலன்னு கூட சொல்வேன்.

மத்த வாரிசுகளப் பாத்தா இன்னும் தெளிவாகும். ஸ்டெஃபன் கரியோட அப்பா டெல் கரி, க்ளே தாம்சனோட அப்பா மைக்கேல் தாம்சன், கோபி ப்ரையன்டோட அப்பா ஜோ ப்ரையன்ட்னு சொல்லி வாரிசுங்க தப்பு இல்லன்னு வாதாடறவங்க இருக்காங்க, அது பொருந்தாத உதாரணம், அவங்க எல்லாரும் தங்களோட ஆட்டத்தாலயே முதல் ரவுண்டுல போனவங்க. பொருத்தமான உதாரணம் ரெண்டு பேர். ஒருத்தன் ஸ்காட்டி பிப்பன் ஜூனியர், ப்ரானி படிச்ச அதே சியாரா கேன்யன் ஸ்கூல்ல அவனுக்கு முன்னாடி படிச்சவன், காலேஜ்ல மூணு வருஷம் ஆடியும் 2022ல யாரும் டிராஃப்ட் பண்ணல, இதே லேக்கர்ஸ் டூ-வே கொடுத்தாங்க, அப்புறம் விட்டுட்டாங்க, மெம்ஃபிஸ்ல மறுபடி டூ-வேல ஆரம்பிச்சு 2024 அக்டோபர்லதான் ஸ்டாண்டர்ட் கான்ட்ராக்ட் வாங்கினான். இன்னொருத்தர் ரெண்டாவது கேரி பேட்டன் (Gary Payton II), அதே பேருள்ள அப்பா ஹால் ஆஃப் ஃபேம், இவர 2016ல யாரும் எடுக்கல, ஜி லீக்லயும் 10 நாள் கான்ட்ராக்ட்லயும் வருஷக்கணக்கா அலைஞ்சு, 2021ல வாரியர்ஸ்ல கடைசி இடம் கிடைக்குமான்னு தெரியாம வீடியோ கோஆர்டினேட்டர் வேலை பத்தி விசாரிக்கிற நிலைமைக்குப் போய், அந்த சீசன் முடிவுல சாம்பியன்ஷிப் டீம்ல முக்கியமான டிஃபெண்டரா நின்னார். உயரம் கிட்டத்தட்ட ப்ரானி அளவுதான், விளையாடுற விதமும் அதே ஜாதி. பிப்பன் பேரும் பேட்டன் பேரும் சின்னப் பேர் இல்ல, ஆனா அவங்க அப்பாக்கள் ரிட்டயர் ஆனவங்க, லெப்ரான் அப்போ இன்னும் ஆடிக்கிட்டிருந்த சூப்பர் ஸ்டார், பேரம் பேசுற சக்தி அங்கதான் வருது. மைக்கேல் ஜோர்டானோட ரெண்டு மகன்களும் காலேஜோட நின்னுட்டாங்க, அவரைவிடப் பெரிய பேர் எது? வெறும் பேர் என்பிஏ கதவத் திறக்காதுங்கிறதுக்கு அது போதும். கூட ஆடுறவரா இருந்தா திறக்கும், யானிஸோட அண்ணன் தனாசிஸ, தம்பி அங்க சூப்பர் ஸ்டாரா இருந்தப்போ மில்வாக்கி வருஷக்கணக்கா வெச்சிருந்தது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

பேரால வந்த இன்னொரு பக்கத்தையும் பாக்கணும், ஒரு கோச்சா எனக்கு இது முக்கியம். 2024 அக்டோபர் 22ல மினசோட்டாவுக்கு எதிரா அப்பாவும் மகனும் சேர்ந்து களத்துல இறங்கினாங்க, என்பிஏ சரித்திரத்துல முதல் தடவை, ரெண்டரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஒண்ணா ஆடினாங்க, சந்தோஷமான நாள்தான். ஆனா ஜனவரி 28ல ஃபிலடெல்ஃபியால திடீர்னு முதல் பாதிலயே இறக்கி விட்டாங்க, அந்த டீமோட ஸ்டார் கார்ட் டைரீஸ் மேக்ஸிய தடுக்கச் சொன்னாங்க, அஞ்சு ஷாட்டும் மிஸ், மேக்ஸி அன்னிக்கு 43 போட்டான். மறுநாள் விமர்சகர் ஸ்டீஃபன் ஏ ஸ்மித் டிவில உட்கார்ந்து, ஒரு அப்பாவா உங்களக் கெஞ்சிக் கேக்கறேன், இத நிறுத்துங்கன்னு லெப்ரானப் பாத்துப் பேசினார், அது மார்ச்ல மைதானத்துலயே லெப்ரான் அவர்கிட்ட நேர்ல போய் முகத்துக்கு முகம் பேசுற அளவுக்கு முத்துச்சு. அதே டிராஃப்ட்ல கடைசில போன எந்தப் பையனோட சொதப்பலும் நாடு முழுக்க ஓடல. இளம் பிளேயர் வளரணும்னா யாரும் பாக்காத இடத்துல அசிங்கமா ஆடி, திருத்தி, மறுபடி ஆடணும். அந்த வசதி இவனுக்குக் கிடைக்கல. 20 வயசுல அதையெல்லாம் தாங்கி மார்ச்ல நல்லா ஆடினானே, அத நான் மதிக்கிறேன், அதுக்காக கான்ட்ராக்ட் நியாயமாயிடாது, ரெண்டும் தனித்தனி.

கடைசியா, வேற ஒருத்தன் இடத்தப் பறிச்சானா. டிராஃப்ட் பிக்கப் பொறுத்தவரைக்கும் பெரிய நஷ்டம் யாருக்கும் இல்ல, அவனுக்குப் பின்னாடி இருந்தவங்க ஒரு இடம் முன்ன வந்திருப்பாங்க, அவ்வளவுதான், பல சமயம் பிடிச்ச டீமுக்கு போகலாம்ங்கிறதால டிராஃப்ட் ஆகாம இருக்கிறதே நல்லது. இதே லேக்கர்ஸ்ல ஆஸ்டின் ரீவ்ஸ் 2021ல டிராஃப்ட் ஆகாம டூ-வேல வந்து, சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள ஸ்டாண்டர்ட் கான்ட்ராக்ட்டுக்கு மாறினவன்தான். ஆனா அந்த 15 பேர் லிஸ்ட்ல ஒரு இடம் அடைபட்டது நிஜமான விலை. 2025 பிப்ரவரில ஆன்டனி டேவிஸ கொடுத்துட்டு டான்சிச்ச வாங்கினாங்க, மார்க் வில்லியம்ஸ வாங்கப் போட்ட டீல் மெடிக்கல்ல ரத்தாச்சு, உயரமான ஆள் இல்லாம தவிச்சு, கிறிஸ்டியன் வுட்ட நீக்கிட்டு அலெக்ஸ் லென்ன எடுத்தாங்க. பிளேஆஃப் முதல் ரவுண்டுல மினசோட்டாகிட்ட 4-1ல தோத்த கடைசி மேட்ச்ல அவங்க சென்டர் (உயரமான ஆள் ஆடுற இடம்) கோபேர் 27 பாயிண்ட், 24 ரீபவுண்ட். அந்த நேரத்துல இன்னொரு சென்டருக்கு இடம் இருந்திருந்தா கதை மாறியிருக்கும்னு நான் சொல்ல வரல, ஒரு ஆளால அந்த சீரீஸ் திரும்பியிருக்காது. ஆனா ஜெயிக்கணும்னு ஆடுற டீம், ஆடாத ஒரு பையனுக்காக ஒரு இடத்த பூட்டியே வெச்சிருந்துச்சு, அவன் டூ-வேல இருந்திருந்தா அந்த இடம் காலியா இருந்திருக்கும், அவனும் அதே ஜி லீக் மேட்சுகள ஆடியிருப்பான். என் குறை இந்த இடத்துலதான், அதுவும் பையன் மேல இல்ல, டூ-வே வேண்டாம்னு நின்ன பெரியவங்க மேல.

உங்களுக்கு நேர் பதில் வேணும்னா, கான்ட்ராக்ட் கிடைச்ச விதத்துக்கு அவன் தகுதியா இல்ல, கிடைச்ச தொகைக்கு ஏத்த பிளேயரா இருக்கான், கிடைச்ச இடத்துக்கு இன்னும் வரல. இனிமே நீங்களே பாத்து முடிவு பண்ணணும்னா ஸ்கோர் போர்ட விடுங்க. மேட்ச் இன்னும் இழுபறியா இருக்கும்போது கோச் ஜேஜே ரெடிக் அவன எதிர் டீமோட நல்ல கார்ட தடுக்க அனுப்புறாரான்னு பாருங்க, நின்ன இடத்துல பந்து வாங்கி உடனே போடுற த்ரீ 36, 37 சதவீதத்துக்குப் போகுதான்னு பாருங்க. எல்லாத்தையும் விட, இந்த நாலு வருஷம் முடிஞ்சோ முடியறதுக்கு முன்னாடியோ அப்பா இல்லாத ஒரு டீம் அவனுக்கு மினிமம் சம்பளத்துலயாவது ஸ்டாண்டர்ட் கான்ட்ராக்ட் கொடுக்குதான்னு பாருங்க, அங்க ரிச் பால் சொல்ற நிபந்தனைக்கு யாரும் தலையாட்ட மாட்டாங்க. நடக்கும்னு நான் இன்னிக்கு பந்தயம் கட்ட மாட்டேன், நடக்கிற வாய்ப்பு பாதிக்கும் கீழதான்னு நினைக்கிறேன், ஆனா 2024 ஜூன்ல கேட்டிருந்தா இதைவிட ரொம்பக் கம்மியா சொல்லியிருப்பேன். அந்த 39 பாயிண்ட் மேட்ச் வீடியோ கிடைச்சா ஹைலைட்ஸ் இல்லாம முழுசா பாருங்க, முக்கியமா அவன் கைல பந்து இல்லாத நேரத்துல என்ன பண்றான்னு.